சரிந்த மண் எதுவரை வரும்? துகள் முறை சிமுலேஷன் பற்றி ஒரு பேச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடங்கல்களை நீக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்தது.)

போன சில எபிசோடுகளில் டேட்டாபேஸ், கிளவுட் என்றே பேசிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு மலை ஏறப் போகிறோம். தலைப்பைப் பார்த்து பயந்துடாதீங்க. கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

எதற்காக இந்தத் தலைப்பு? தேனி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு மேற்கே பார்த்தால் மலைதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியிலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஏறிப் போகும். உள்ளே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற நம்ம ஊர் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள். சிலர் தோட்டத்திலேயே தங்குகிறார்கள். மழைக்காலத்தில் ‘மலைப்பாதையில் மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தம்’ என்பது நமக்குப் புதிய செய்தி கிடையாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறைத் தாண்டி உள்ள பெட்டிமுடியில் நடந்தது நினைவிருக்கும். மேலே இரவிகுளம் தேசியப் பூங்கா பக்கத்து மலையில் மண் பிடி விட்டது. கீழே நான்கு வரிசை லயன் வீடுகள். தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 70 பேர் இறந்துபோனார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், நிறையப் பேருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மின்சாரமும் தகவல் தொடர்பும் போயிருந்ததால் விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்க. அந்த வீடுகள் இருந்த இடம் சரியவில்லை. தூரத்தில், உயரத்தில் சரிந்த மண் அங்கே வந்து சேர்ந்தது. இன்றைய எபிசோடு முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

இரண்டு கேள்விகள்

ஒரு மலைச்சரிவைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒன்று, இது சரியுமா? இரண்டு, சரிந்தால் எதுவரை வரும்?

முதல் கேள்விக்கு சிவில் இன்ஜினியரிங்கில் பழைய, நல்ல பதில் இருக்கிறது. மண்ணை இழுக்கிற விசை எவ்வளவு, பிடித்து நிறுத்துகிற விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒன்றை இன்னொன்றால் வகுப்பார்கள். ‘ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி’ என்று பெயர். அந்த எண் 1-க்குக் கீழே போனால் சரியும். நிரந்தரமான சரிவுகளுக்குப் பொதுவாக 1.5 இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள்.

ஆனால் இந்த எண் சரிவு தொடங்குகிற நொடியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மண் பத்து மீட்டர் போய் நிற்குமா, இரண்டு கிலோமீட்டர் ஓடுமா என்று அது வாய் திறக்காது. வீட்டை எங்கே கட்டலாம், ரோட்டை எங்கே போடலாம், எந்த வரிசையை இன்றிரவே காலி செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தவை.

மலையாளத்தில் இதற்கு இரண்டு தனித்தனி வார்த்தைகள் இருக்கின்றன. ரோட்டோரம் வெட்டிய மண் இடிந்து விழுந்தால் ‘மண்ணிடிச்சில்’. மண்ணும் பாறையும் தண்ணீரும் சேர்ந்து ஓடி வந்தால் ‘உருள்பொட்டல்’. நாம் இரண்டையும் ‘மண்சரிவு’ என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். இன்ஜினியரிங் கண்ணோடு பார்த்தால் இவை வேறு வேறு பிரச்சனைகள். முதலாவதில் மண் ஒரு திடப்பொருள். இரண்டாவதில் அது கிளம்பும்போது திடப்பொருள், வழியில் திரவம், நின்ற பிறகு மறுபடி திடப்பொருள். ஒரே கணக்கில் இந்த மூன்றையும் பிடிப்பதுதான் சவால்.

மெஷ் ஏன் உடைகிறது

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஃபைனைட் எலிமென்ட் முறை ஒரு பாடமாக வந்திருக்கும். ஒரு பொருளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகவோ கட்டங்களாகவோ பிரிப்போம். அந்த வலைக்குப் பெயர் மெஷ். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நெளிகிறது, அதில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று தனித்தனியாக எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்போம். 1956-இல் போயிங் நிறுவனத்தோடு சேர்ந்து டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோர் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு முக்கியத் தொடக்கம். அந்தப் பெயரை 1960-இல் கிளஃப் வைத்தார்.

விமான இறக்கைக்காக வந்த முறை இது. இறக்கை வளையும், ஆனால் சுருண்டு போகாது. பாலம், கட்டடம், இன்ஜின் பாகம் எல்லாமே அப்படித்தான். அதனால் மெஷ் பொருளோடு ஒட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தாலும் பிரச்சனை வராது.

இப்போ பரோட்டா மாவை எடுத்துக்குவோம். தட்டையாக்கிய மாவின் மேல் பேனாவால் சின்னச் சின்னக் கட்டங்கள் வரைந்துவிட்டு, மாஸ்டரிடம் வீசச் சொல்லுங்கள். முதல் வீச்சில் கட்டங்கள் நீளும். இரண்டாவதில் ஊசி மாதிரி மெலியும். சுருட்டி வைத்தபிறகு கட்டம் எங்கே இருந்தது என்றே தெரியாது. சில கட்டங்கள் தலைகீழாக மடிந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு அந்த மடிந்த கட்டத்தின் பரப்பளவு மைனஸில் வரும். மைனஸ் பரப்பளவை வைத்துக்கொண்டு எந்த சமன்பாட்டையும் தீர்க்க முடியாது. சாஃப்ட்வேர் ஒரு எர்ரர் காட்டிவிட்டு நின்றுவிடும். மண் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இது நடந்துவிடும். அதாவது, நமக்குப் பதில் தேவைப்படுகிற இடத்தில்தான் இந்த முறை கையை விரிக்கிறது.

இதைத் தாண்டுவதற்கு வந்தவைதான் துகள் முறைகள். பல வகை உண்டு. ஃபைனைட் எலிமென்ட்டின் சொந்தக்காரர்களான இரண்டை மட்டும் இன்றைக்குப் பார்ப்போம்.

முதல் வழி: ஒவ்வொரு முறையும் புது வலை

ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் சிம்னே என்று ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே செர்ஜியோ இடெல்சோன், யூஹெனியோ ஒன்யாதே, டெல் பின் ஆகியோர் 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘பார்ட்டிக்கிள் ஃபைனைட் எலிமென்ட் மெத்தட்’, சுருக்கமாக பி.எஃப்.ஈ.எம். உடைந்து விழுகிற அலைகளைக் கணக்கிடத்தான் முதலில் அதைப் பயன்படுத்தினார்கள்.

யோசனை ரொம்ப எளிமை. கட்டங்கள் கெட்டுப்போகின்றன என்றால், கட்டங்களை ஏன் சுமக்கணும்? புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நேரத் துளியிலும் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றை இணைத்துப் புதிய முக்கோண வலை போடு. அந்த வலையில் சமன்பாட்டைத் தீர். புள்ளிகளை நகர்த்து. வலையைத் தூக்கிப் போடு. மறுபடி முதலிலிருந்து.

புள்ளிகளை எப்படி இணைப்பது? ரஷ்யக் கணித அறிஞர் டெலோனே 1934-இல் சொன்ன விதி இருக்கிறது. மூன்று புள்ளிகளைச் சேர்த்து முக்கோணம் போட்டால், அந்த மூன்றின் வழியாகப் போகிற வட்டத்துக்குள் நான்காவது புள்ளி எதுவும் இருக்கக் கூடாது. இப்படிப் போட்டால் முக்கோணங்கள் முடிந்தவரை மெலியாமல், நல்ல வடிவத்தில் வரும்.

ஒரு சிக்கல் பாக்கி. இந்த விதி எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துவிடும். நூறு மீட்டர் தள்டித் தெறித்து விழுந்த மண்ணையும், மலையில் இருக்கிற மண்ணையும் ஒரு நீளமான முக்கோணத்தால் கட்டிப்போடும். நடுவில் இருப்பது காற்று. அதனால், முக்கோணத்தின் வட்டம் ஒரு அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் அந்த முக்கோணத்தை அழித்துவிடு என்று ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். ‘ஆல்ஃபா ஷேப்’ என்பார்கள். மிச்சம் இருப்பதன் ஓரம்தான் அந்த நொடியில் மண்ணின் எல்லை.

குறைகளும் உண்டு. அந்த வடிகட்டி அளவைத் தப்பாக வைத்தால் இல்லாத மண் முளைக்கும், இருக்கிற மண் காணாமல் போகும். அடுத்தது, மண்ணுக்கு ஞாபகம் உண்டு. முன்பு எவ்வளவு நசுங்கியது, எவ்வளவு இழுபட்டது என்பதைப் பொறுத்துத்தான் இப்போது எவ்வளவு தாங்கும் என்பது இருக்கிறது. அந்த ஞாபகம் முக்கோணத்துக்குள் இருந்தால், முக்கோணத்தைத் தூக்கிப் போடும்போது அதைப் பத்திரமாகப் புதிய வலைக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிடும்.

இரண்டாம் வழி: உழவர் சந்தைக் கரும்பலகை

இன்னொரு வழியை 1994-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டெபோரா சல்ஸ்கி, சென், ஷ்ரேயர் ஆகியோர் கொடுத்தார்கள். ‘மெட்டீரியல் பாயிண்ட் மெத்தட்’, அதாவது எம்.பி.எம். இதற்கு மூதாதை, 1950-களில் லாஸ் அலமோஸில் ஹார்லோ உருவாக்கிய ஒரு திரவக் கணக்கு முறை.

இதைப் புரிந்துகொள்ள உழவர் சந்தையை நினைச்சுக்கோங்க. வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அழித்துவிட்டு அன்றைய விலையை எழுதுவார்கள். பலகை எங்கேயும் நகராது. நேற்றைய விலை அதில் இருக்காது. ஆனால் சந்தைக்கு வருகிற விவசாயிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எத்தனை மூட்டை, என்ன கடன், போன வாரம் என்ன விலை என்று தன் கணக்கைத் தானே சுமந்து வருவார்.

எம்.பி.எம்.மில் துகள்தான் விவசாயி. தன் நிறை, வேகம், தனக்குள் இருக்கிற அழுத்தம், பழைய ஞாபகம் எல்லாவற்றையும் அதுவே வைத்திருக்கும். பின்னால் ஒரு கட்ட வலை, அதுதான் கரும்பலகை. ஒவ்வொரு நேரத் துளியிலும் துகள்கள் தங்கள் கணக்கைப் பக்கத்துக் கட்ட முனைகளில் எழுதும். அங்கே நியூட்டனின் விதியைத் தீர்ப்போம். கிடைத்த புதிய வேகத்தைத் துகள்கள் எடுத்துக்கொண்டு நகரும். பலகையை அழித்துவிடுவோம். வலை கிழிவதற்கோ மடிவதற்கோ வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அது நகர்வதே இல்லை.

இங்கேயும் ஒரு குறை. துகள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாண்டும்போது அழுத்தம் திடீரென்று குதிக்கும். துகளைப் புள்ளியாக இல்லாமல் ஒரு சின்னப் பரப்பாகக் கருதி இதைச் சரிசெய்கிற மேம்பாடுகள் 2004 முதல் வந்திருக்கின்றன.

எம்.பி.எம். பிரபலமானது எப்படி தெரியுமா? 2013-இல் வந்த டிஸ்னியின் ‘ஃப்ரோசன்’ படம். அதில் வருகிற பனி இந்த முறையில் செய்தது. பனிச்சரிவை ஆராய்கிற ஜோஹன் கோம் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி அந்தப் பனியைப் பார்த்து அசந்து, அதை உருவாக்கியவர்களைத் தேடிப் போனார். பிறகு அவரும் அலெக்சாண்டர் புஸ்ரினும் சேர்ந்து, 1959-இல் ரஷ்யாவின் டயட்லோவ் கணவாயில் ஒன்பது மலையேறிகள் இறந்த மர்மத்துக்குச் சின்னதொரு பனிச்சரிவு காரணமாக இருந்திருக்க முடியும் என்று 2021-இல் கட்டுரை எழுதினார்கள். கார்ட்டூன் படத்துக்கும் மலைச்சரிவுக்கும் ஒரே சமன்பாடு!

எவ்வளவு கம்ப்யூட்டர் வேணும்?

சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு அடுத்து வருகிற கேள்வி இதுதான். வாங்க, தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள மண் சரிகிறது. மொத்தம் 15,000 கன மீட்டர். அரை மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 1,20,000 கட்டங்கள். கட்டத்துக்கு 8 துகள் வைத்தால் 9,60,000 துகள்கள்.

நேரத் துளி எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்? மண்ணுக்குள் ஒரு அதிர்வு ஒரு கட்டத்தைத் தாண்டுவதற்குள் கணக்கு முடிய வேண்டும். தளர்ந்த மண்ணில் அதிர்வு நொடிக்கு 70 மீட்டர் போகிறது என்று வைத்தால், அரை மீட்டரைத் தாண்ட 7 மில்லிசெகண்டு. பாதுகாப்புக்கு 2 மில்லிசெகண்டு வைப்போம். ஒரு நிமிட ஓட்டத்துக்கு 30,000 துளிகள். இரண்டையும் பெருக்கினால் 2,880 கோடி துகள் அப்டேட்கள். பெரிய எண்தான், ஆனால் ஒவ்வொரு துகளும் கிட்டத்தட்டத் தனித்தனியாகச் செய்கிற வேலை என்பதால் ஜி.பி.யு.வுக்கு ஏற்ற வேலை. நல்ல கேமிங் கம்ப்யூட்டர் இருக்கிற ஒரு மாணவர் இதை ஓட்டிப் பார்க்கலாம். இருபது வருஷத்துக்கு முன்னால் இது பெரிய ஆய்வகங்களுக்கு மட்டும் கிடைத்த வசதி.

ஆக, இன்றைக்குத் தடை கம்ப்யூட்டர் கிடையாது. அதற்குள் என்ன எண்ணைப் போடுகிறோம் என்பதுதான். அதை இரண்டு உதாரணத்தில் காட்டுகிறேன்.

அரிசியும் பைப்பும்

இது வீட்டிலேயே செய்யலாம். சுமார் 10 செ.மீ. உள்விட்டம் உள்ள பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை சமமான தரையில் நிறுத்துங்கள். உள்ளே அரிசி போட்டு, சட்டென்று பைப்பை நேராக மேலே தூக்குங்கள். அரிசி சரிந்து பரவும். எதுவரை போனது என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

2004-இல் லூபே, ஹப்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹால்வொர்த் என்ற ஆய்வுக் குழு இதையே அரிசி, மணல், உப்பு, சர்க்கரை என்று பலவற்றோடு செய்து பார்த்தது. எதுவரை பரவும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உயரத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம்தான் என்று கண்டார்கள். எந்தப் பொருள் என்பது பெரிதாக மாற்றவில்லை. அவர்கள் சூத்திரத்தில் போட்டால், 5 செ.மீ. ஆரமுள்ள பைப்பில் 5 செ.மீ. உயரத்துக்கு அரிசி இருந்தால் சுமார் 11 செ.மீ. ஆரத்துக்குப் பரவும். 20 செ.மீ. உயரம் இருந்தால் சுமார் 21 செ.மீ. நான் மொட்டைமாடியில் செய்து பார்த்தபோது இதை ஒட்டியே வந்தது.

எழுதிய துகள் கோடு சரியா என்று சோதிக்க உலகம் முழுக்க இந்தப் பரிசோதனையைத்தான் முதல் தேர்வாக வைக்கிறார்கள். பி.எஃப்.ஈ.எம்., எம்.பி.எம். இரண்டுமே இதில் நன்றாகத் தேறும். காய்ந்த பொருள், தெரிந்த வடிவம், சமமான தரை. ஆனால் நம்ம மலை காய்ந்த அரிசி இல்லையே.

தண்ணீர் என்ன செய்கிறது

2024 ஜூலை 30, வயநாடு. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்னது: சரிவின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர். சரிந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர். ஓடிய தூரம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்.

சாதாரண மண் 30 டிகிரி சாய்வு வரை நிற்கும் என்று வையுங்கள். அந்த உராய்வோடு 8 கிலோமீட்டர் போக வேண்டுமானால் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்க வேண்டும்? 4.6 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்.

சரி, மண் முழுக்க நனைந்து, உள்ளே நீர் சரிவோடு ஓடுகிறது என்று வைப்போம். மண்துகள்களுக்கு நடுவே இருக்கிற நீர் அவற்றைத் தூக்கிப் பிடிக்கும். ஒன்றின் மேல் ஒன்று அழுத்துகிற விசை கிட்டத்தட்டப் பாதியாகும், உராய்வும் பாதியாகும். 30 டிகிரி 16 டிகிரி ஆகிவிடும். அந்தக் கணக்கிலும் 8 கிலோமீட்டருக்கு 2.3 கிலோமீட்டர் இறக்கம் வேணும். 1,550 மீட்டரில் கிளம்பியது கடல் மட்டத்துக்குக் கீழே போய்த்தான் நிற்க முடியும்!

அப்படியென்றால் உண்மையில் நடந்தது வேறு. சரிந்த மண் குலுங்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட நீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் மேலும் ஏறும். மண் கூழாகும். அது ஓடைக்குள் இறங்கி, ஓடைத் தண்ணீரையும், கரை மண்ணையும், பாறையையும் வாரிக்கொண்டு பெருகும். கிளம்பியபோது இருந்ததும் வந்து சேர்வதும் ஒரே பொருள் கிடையாது.

இதனால்தான் துகள் முறைகளில் இப்போது மண்ணுக்கு ஒரு கணக்கு, நீருக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் இணைத்து எழுதுகிறார்கள். அதற்கு மலையில் எந்த ஆழத்தில் எவ்வளவு நீரழுத்தம் இருக்கிறது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். மூணாறிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அந்தோணியார் காலனி பகுதியில் அம்ரிதா பல்கலைக்கழகம் 2009 வாக்கில் குழி தோண்டி, நீரழுத்தத்தையும் சாய்வையும் அளக்கிற சென்சார்களை வைத்து, வயர்லெஸ் வழியாக எச்சரிக்கை கொடுக்கும் அமைப்பை நிறுவியது. அப்படிப்பட்ட ஒரு குழி தருகிற எண்கள் இல்லாமல் பத்து லட்சம் துகள் ஓட்டினாலும் அது வெறும் அனிமேஷன்தான்.

மாதிரி ‘பாதுகாப்பு’ என்று சொன்ன அணை

இந்த எச்சரிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இத்தாலியின் வயோன்ட் அணைதான் பாடம். 262 மீட்டர் உயரமுள்ள வளைவு அணை. நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த டோக் மலை 1960-லிருந்தே மெல்ல நகர்வது தெரிந்திருந்தது. முழுசாக விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, சிறிய அளவில் மாதிரி நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டி, அதில் ஜல்லியைச் சரித்து அலையை அளந்தார்கள். நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டரில் இருந்தால் பாதுகாப்பு என்று முடிவு வந்தது.

1963 அக்டோபர் 9 இரவு, நீர்மட்டம் 700 மீட்டர் அளவில் இருந்தபோதே மலை இறங்கியது. சுமார் 27 கோடி கன மீட்டர், ஒரே துண்டாக, மாதிரியில் வைத்ததைவிடப் பல மடங்கு பெரிதாக. நீர் அணையைத் தாண்டி எழுந்து கீழே இருந்த லொங்கரோனே ஊரை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை, இன்றும் நிற்கிறது.

பல வருடம் கழித்து பி.எஃப்.ஈ.எம். குழுக்கள் இதே நிகழ்வை எடுத்துச் சோதித்தன. மலை சரிவது, நீரில் மோதுவது, அலை எழுவது மூன்றையும் ஒரே கணக்கில் செய்து, பதிவான அலைத் தடங்களோடு ஒப்பிட்டார்கள். முறை வேலை செய்கிறது என்று காட்டியது. ஆனால் நடந்து முடிந்ததைத் திரும்பக் கணக்கிடும்போது எவ்வளவு மண், எவ்வளவு வேகம் என்பது நமக்கு முன்பே தெரியும். 1962-இல் அந்த ஜல்லி மாதிரியைச் செய்தவர்களுக்கு அது தெரியாது. இன்று ஜி.பி.யு. வைத்திருக்கிற நமக்கும், இன்னும் சரியாத மலையைப் பொறுத்தவரை தெரியாது.

அதனால் என் கருத்து இதுதான். சிமுலேஷன் செய்கிறவர் ஒரே ஒரு கோடு வரைந்து ‘இதுவரை வரும்’ என்று சொன்னால் நம்பாதீங்க. மண்ணின் ஆழம், நீரழுத்தம், உராய்வு ஒவ்வொன்றையும் குறைந்தபட்சத்திலிருந்து அதிகபட்சம் வரை மாற்றி நூறு தடவை ஓட்டி, ‘நூறில் இத்தனை தடவை இந்த வரிசை வீட்டைத் தொட்டது’ என்று சொல்ல வேண்டும். நூறில் ஐந்து தடவை தொட்டாலும் அங்கே குழந்தைகளைத் தூங்க வைக்கலாமா என்பது கம்ப்யூட்டர் எடுக்கிற முடிவு கிடையாது. அது அந்த வீட்டில் இருப்பவர்களும், வீட்டைக் கொடுத்தவர்களும், அரசும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அந்த எண்ணை அவர்கள் முன்னால் வைப்பது நம்ம வேலை.

கேள்வி நேரம்

கூடலூரிலிருந்து ஒரு நண்பர்: “முல்லைப் பெரியாறு உடைந்தால் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருதே, அதுவும் இந்த முறைதானா?”

நீர் ஓடுவதை இந்த முறைகளில் அழகாகக் காட்ட முடியும். ஆனால் அணை உடைகிறது என்பது அந்த வீடியோவின் பதில் கிடையாது, அதற்குள் போட்ட இன்புட். உடைவதாக வைத்துக்கொண்டு ஓட்டினால் எந்த அணையிலிருந்தும் வெள்ளம் வரும். 1895-இல் கட்டி முடித்த அணை அது, பின்னாளில் கான்கிரீட்டாலும் நங்கூரக் கம்பிகளாலும் பலப்படுத்தப்பட்டது. அதன் பலம் பற்றிய விவாதம் அளவீடுகளை வைத்து நடக்க வேண்டியது. 2011-இல் ‘டேம் 999’ படம் வந்தபோது தமிழ்நாட்டில் தடை போடுகிற அளவுக்குப் போனது. கிராஃபிக்ஸுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. அதனால்தான் ‘இன்புட் என்ன?’ என்று முதலில் கேளுங்கள் என்கிறேன்.

சின்னமனூரிலிருந்து ஒரு மாணவி: “இதை ஆரம்பிக்க எங்கே போகணும்?”

பைத்தான் தெரியுமென்றால் டைச்சி என்ற இலவச மென்பொருளோடு வருகிற எம்.பி.எம். உதாரணத்தை ஓட்டிப் பாரும்மா. அதன் மூல வடிவம் வெறும் 88 வரி. அதைப் புரிந்துகொண்ட பிறகு, பார்சிலோனாக்காரர்கள் இலவசமாக வெளியிட்டிருக்கிற க்ராட்டோஸ் இருக்கிறது. பி.எஃப்.ஈ.எம்., எம்.பி.எம். இரண்டும் அதில் உண்டு. முதல் வேலையாக அரிசி பரிசோதனையைச் செய்து, உன் ஸ்கேல் சொன்னதும் உன் கோடு சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்.

இன்னொருவர்: “கிலோமீட்டர் கணக்கில் ஓடுவதற்கெல்லாம் நிஜமாகவே இதைத்தான் பயன்படுத்துறாங்களா?”

நல்ல கேள்வி. நீண்ட ஓட்டத்துக்கு, ஆழத்தை ஒரே சராசரியாக எடுத்துக்கொள்கிற எளிமையான மாடல்களைத்தான் நடைமுறையில் அதிகம் பயன்படுத்துகிறார்கள். வேகமாக முடியும். துகள் முறை தேவைப்படுவது நுணுக்கமான இடங்களில்: மண் எப்படிப் பிடி விடுகிறது, தடுப்புச் சுவரில் மோதினால் சுவர் தாங்குமா, நீர்த்தேக்கத்தில் விழுந்தால் எவ்வளவு அலை எழும் என்பது போன்றவை. போடிமெட்டுப் பாதையில் ஒரு தடுப்புச் சுவரை எங்கே, எவ்வளவு உயரம் வைப்பது என்பது இந்த முறைக்கு ஏற்ற, ஒரு கல்லூரி புராஜெக்ட்டாகவே செய்யக்கூடிய கேள்வி. மண் மாதிரி எடுக்க நம்ம பக்கத்து சிவில் மாணவர்கள், கோடு எழுத கம்ப்யூட்டர் மாணவர்கள் என்று சேர்ந்தால் போதும். யாராவது தொடங்கினால் எனக்கு எழுதுங்க, கோடு பக்கம் நான் உட்காருகிறேன்.

அடுத்த எபிசோடில் மழைமானி டேட்டாவை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். இன்றைக்குப் பேசியதோடு அதுக்கு நேரடித் தொடர்பு உண்டு. அதுவரை, மழை நேரத்தில் மலை ஏறுகிறவர்கள் பார்த்துப் போயிட்டு வாங்க.